மெமரிக்குள்ள பந்தி போட்ட கல்யாணம்

இதுல ஏதாவது புளுகு இருந்தா அது முழுக்க ஆவுடையப்பன் அண்ணாச்சியோடது. எனக்கு அதுல பங்கு கிடையாது. நான் மினி பஸ் கண்டக்டர். முன்னாடி சீட்ல பேசுனதைப் பின்னாடி சீட்டுக்குச் சொல்லுத அளவுக்குத்தான் எனக்கும் கதைக்கும் சம்பந்தம்.

அன்னைக்கு எங்க வண்டி ரயில்வே கேட்ல மாட்டிக்கிச்சு. சரக்கு ரயில் ஒண்ணு பாதி கேட்டைத் தாண்டி வந்து, அப்படியே நின்னுட்டு. என்ன கோளாறுன்னு கேட் கீப்பருக்கும் தெரியல. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வேப்பமர நிழலைத் தேடிப் போயிட்டாரு. பகல் பதினோரு மணி வெயில். இறங்கி நிக்கவும் முடியாம உள்ள இருக்கவும் முடியாம பதினஞ்சு பேரு வண்டிக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தோம்.

முன்சீட்ல எஸ்தர் டீச்சர் இருந்தாங்க. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கவங்க. அவங்க போன் ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே நின்னுது. பின்னாடி போட்டோ எல்லாம் தானா காப்பி ஆகிட்டு இருக்கு, அது முடியுற வரைக்கும் வேற எதையும் திறக்க விடாதுன்னு பக்கத்துல இருந்த பூமாரி அக்காகிட்ட அலுத்துக்கிட்டாங்க. பூமாரி அக்கா பனைவிளைக்காரங்க. சந்தைக்கு வெத்தலை கொண்டு போறவங்க. அவங்களுக்குப் போனும் புரியல, காப்பியும் புரியல, சும்மா தலையை ஆட்டுனாங்க.

அது போதும். மூணாவது சீட்ல ஆவுடையப்பன் அண்ணாச்சி தொண்டையைக் கனைச்சாரு.

அண்ணாச்சி அந்தக் காலத்துல செவ்வந்தி கேபிள்ல கன்ட்ரோல் ரூம் பாத்தவரு. பதினேழு ஊருக்குப் படம் ஓட்டுன லோக்கல் சேனல் அது. இப்ப இல்ல, மூடியாச்சு. ஆனா அண்ணாச்சி சட்டைப் பையில இன்னும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ரெண்டு பேனாவும் இருக்கும்.

"டீச்சர், இதே வியாதி ஒரு தடவை எங்க கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. நான் மட்டும் அன்னைக்கு இல்லன்னா ஒரு மனுஷன் உசிரு போயிருக்கும். ரெண்டு ஊரு வெட்டிக்கிட்டுச் செத்திருக்கும்" அப்படின்னாரு.

எந்த ஊருன்னு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஓடைப்பட்டியும் பனைவிளையும்னு சொன்னாரு. பூமாரி அக்கா கூடையைத் தள்ளி வெச்சுட்டு அவர் பக்கமாத் திரும்பி உக்காந்தாங்க.

அப்ப அந்த ரெண்டு ஊருக்கும் கபடியில பெரிய பகை. தொடர்ந்து ரெண்டு வருஷம் இறுதிப் போட்டி அடிதடியில முடிஞ்சுது. பாடிப் போனவன் கை நடுக்கோட்டைத் தொட்டுச்சா இல்லையாங்கிறதுதான் ரெண்டு தடவையும் சண்டை. மூணாவது வருஷம் பெரியவங்க உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்களாம். செவ்வந்தி கேபிள்தான் போட்டியை நேரடியா ஒளிபரப்புது, மைதானத்துலயே பெரிய திரை கட்டுது. இனிமே திரையில தெரியுறதுதான் தீர்ப்பு. கண்ணால பாத்தேன்னு எவனும் வாயைத் திறக்கக் கூடாது. ரெண்டு ஊரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. நடுவருக்கு வேற கண்ணுல புரை. அவருக்கும் இது சௌகரியமாப் போச்சு.

இது உண்மைதான்னு பூமாரி அக்காவே சொன்னாங்க. அந்தப் போட்டிக்கு அவங்களும் போயிருந்தாங்களாம். அதுல அண்ணாச்சிக்குத் தெம்பு கூடிப் போச்சு.

போட்டி நடக்குற மைதானத்துல கேமரா. அங்கிருந்து ரெண்டு மைல் தள்ளி, ரேஷன் கடை மாடியில அண்ணாச்சியோட கன்ட்ரோல் ரூம். கேமராப் படம் அங்க இருக்கிற கம்ப்யூட்டருக்கு வந்து, அது வழியாத்தான் பதினேழு ஊருக்கும் மைதானத்துத் திரைக்கும் திரும்பிப் போகும். அண்ணாச்சி நகர்த்துனாத்தான் படம் நகரும். அப்படித்தான் அவர் சொன்னாரு.

அன்னைக்குன்னு பாத்து காலையில முதலாளி ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு வந்து சொருகிட்டுப் போயிருக்காரு. அவரு மக கல்யாண வீடியோ. மூணு நாள் கல்யாணம், ஆறு கேமரா. அதை இந்தக் கம்ப்யூட்டர்ல பத்திரமா ஒரு காப்பி போட்டு வைக்கணுமாம். பின்னாடி அது பாட்டுக்கு ஓடட்டும், உனக்கு என்ன இடைஞ்சல்னு சொல்லிட்டு, மாப்பிள்ளை வீட்டுல விருந்துன்னு கிளம்பிட்டாரு.

"பின்னாடி ஓடுறதுதான் டீச்சர் முன்னாடி வந்து குழியில தள்ளும்" அப்படின்னாரு அண்ணாச்சி. டீச்சர் முதல் தடவையா நிமிந்து பாத்தாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லங்கிற மாதிரி.

பூமாரி அக்காவுக்குப் புரியட்டும்னு எங்க பஸ்ஸை வெச்சே விளக்குனாரு. கம்ப்யூட்டரோட மெமரின்னா இந்த பஸ்ஸு மாதிரி. நாப்பது சீட்டு. எந்தப் பைலைப் படிச்சாலும், அதைத் திரும்பவும் யாராவது கேப்பாங்களோன்னு, அந்த சிஸ்டம் ஒரு காப்பியைக் காலி சீட்ல உக்கார வெச்சுக்கும். அதுக்குப் பேரு கேஷ். நல்ல புத்திதான். ரெண்டாவது தடவை கேக்கும்போது டிஸ்க்கு வரைக்கும் ஓட வேண்டாம், சட்டுனு எடுத்துக் குடுத்துடலாம். ஆனா கல்யாண வீடியோவை ஒரு தடவை காப்பி போட்டா முடிஞ்சுது, திரும்ப யாரு கேக்கப் போறா? அது அந்த சிஸ்டத்துக்குத் தெரியாது. வந்தவன் ஒவ்வொருத்தனுக்கும் துண்டு போட்டு சீட் பிடிச்சு வெச்சுக்கிட்டே இருக்கு. கடைசியில தினமும் வர்றவன், பாவம், நம்ம படம் ஓட்டுற புரோகிராமு, அதுக்கே உக்கார இடம் இல்ல. அதைப் படிக்கட்டுல தொங்க விட்டுருச்சு.

துண்டு போட்டு சீட் பிடிக்கிறது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. தினமும் அதோடதான் மல்லுக்கட்டுதேன்.

கடைசி ரெண்டு நிமிஷம். ஓடைப்பட்டித் தளவாய் பாடிப் போறான். அவன் கிணத்துல முங்கி வாளி எடுக்கிறவன், மூச்சுக்குப் பேர் போனவன். ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்புதான். பனைவிளைக்காரன் மூணு பேரு அவன் காலையும் இடுப்பையும் சேத்துப் பிடிச்சு விழுந்துட்டாங்க. தளவாய் குப்புற விழுந்து கையை நீட்டுதான். கை கோட்டைத் தொட்டா ஓடைப்பட்டிக்குக் கோப்பை. தொடாம மூச்சை விட்டா பனைவிளைக்கு.

அந்த நொடியில படம் நின்னுட்டு.

மைதானத்துல தளவாய் கை கோட்டுக்கு மேலயே கிடக்கு. ஆனா திரையில கை இன்னும் ஒரு சாண் தள்ளி நிக்கி. நடுவர் திரையைப் பாத்தாரு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். திரையில இன்னும் தொடல, பாட்டை நிறுத்தாதேன்னு சொல்லிட்டாரு. தளவாய் என்ன செய்வான்? மண்ணுல கிடந்தபடியே கபடி கபடின்னு பாடிக்கிட்டு இருக்கான். காலைப் பிடிச்சவனுங்களும் விட முடியாது. விட்டா அவன் தப்பிச்சதா ஆகிடும். எல்லாரும் திரையையே பாத்துக்கிட்டு நிக்காங்க.

"எவ்வளவு நேரம்?" டீச்சர் கேட்டாங்க.

"பதினோரு நிமிஷம்."

வண்டிக்குள்ள ஒரு சிரிப்பு ஓடுச்சு. ஒரே மூச்சுல பதினோரு நிமிஷம் மாடு கூடப் பாடாதுன்னு பின்சீட்ல யாரோ முனகுனாங்க. பூமாரி அக்கா, தான் அங்க இருந்ததாகவும், நின்னது என்னவோ வாஸ்தவம்தான், ஆனா வெத்தலை மடிச்சு வாயில போடுற நேரத்துக்குத்தான் நின்னுதுன்னும் சொன்னாங்க. எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்கன்னு அண்ணாச்சி விசாரிச்சாரு. கிழக்குப் பக்கம்னு சொன்னதும், அதான், கிழக்கே இருந்தவங்களுக்கு வெயில் முதுகுல, நேரம் போனது தெரிஞ்சிருக்காதுன்னு ரொம்ப அனுதாபமாச் சொல்லிட்டுக் கதையில மேல போயிட்டாரு.

நாலாவது நிமிஷம் தளவாய் பொஞ்சாதி செம்புல மோர் கொண்டு வந்தாளாம். குடிச்சா பாட்டு நின்னு போகும்னு கையாலயே வேண்டாம்னுட்டான். ஆறாவது நிமிஷம், இடுப்பைப் பிடிச்சிருந்தவன் அப்படியே தூங்கிட்டான், ஆனா பிடியை விடல. ஏழாவது நிமிஷம் தளவாயோட மாமியார் வந்து குனிஞ்சு, அவன் காதுல, உசிரு முக்கியமா கோப்பை முக்கியமான்னு கேட்டாங்களாம். அவன் கபடி கபடிங்கிற அதே ராகத்துல, கோப்பைன்னு பதில் சொன்னானாம்.

அந்த இடத்துல அண்ணாச்சி குரல் கொஞ்சம் இறங்குச்சு. கேமராமேன் போன் போட்டு, போனைத் தளவாய் வாய்ப்பக்கம் பிடிச்சாராம். ரெண்டு மைல் தள்ளி அந்த மாடி ரூம்ல ஒத்தையா உக்காந்துக்கிட்டு, ஒரு மனுஷனோட மூச்சு தேஞ்சுக்கிட்டே வர்றதை அவர் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அதுவரைக்கும் படம் நின்னா யாரு என்ன செஞ்சிடப் போறா, திட்டுவாங்க, அவ்வளவுதான்னு இருந்தவரு. அன்னைக்குத்தான் பயந்தாராம். அவர் சொன்ன விதத்துல, அது ஒண்ணு மட்டும் நெசமா இருக்கும்னு எனக்குத் தோணுச்சு.

ஆனா அண்ணாச்சியால ரொம்ப நேரம் அப்படி இருக்க முடியாது.

கம்ப்யூட்டரைப் பாத்தாராம். நாலு ஜிபி மெமரி. அதுல மூணே முக்காலே அரைக்கால் கல்யாணத்துக்காரங்க. பொட்டி பக்கவாட்டுல உப்பிப் போய் நிக்கி. மூடிக்கும் பொட்டிக்கும் நடுவுல இருந்த இடுக்கு வழியாச் சாம்பார் வாசனை வருது. காது வெச்சுக் கேட்டா உள்ள நாதஸ்வரம். அது உள்ள சுத்துற ஃபேன் சத்தமா இருக்கும்னு டீச்சர் சொல்லிப் பாத்தாங்க. ஃபேனு கல்யாணி ராகமும் வாசிக்குமா டீச்சர்னு கேட்டுட்டு, பூமாரி அக்கா பக்கம் திரும்பி, மூணாம் பந்தி அப்பதான் உக்காந்துதுன்னு சேத்துக்கிட்டாரு. என்ன பாயசம்னு அக்கா கேட்டாங்க. யோசிக்காம, அடைப் பிரதமன்னு சொன்னாரு.

அப்பதான் அவர் அந்தக் கமாண்டை அடிச்சாராம். ஒரே ஒரு வரி. நீ காப்பி போடுறியா, போடு. ஆனா கேஷுல உனக்கு இருநூறு எம்பிதான் இடம். பின்சீட்டு ரெண்டு. அதுக்குள்ளேயே ஏறு, அதுக்குள்ளேயே இறங்கு. படிச்சதை எழுது, எழுதுனதை அப்பவே மறந்துடு. எழுத வேண்டியதையும் மூட்டை கட்டிச் சேத்து வெச்சு ஒரே போடாப் போடாதே, அப்பப்பக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கு. படம் ஓட்டுறவன் வந்தா எந்திரிச்சு நின்னு வழி விடு.

"அது சரியான வைத்தியம்தான்" அப்படின்னாங்க டீச்சர். பின்னாடி ஓடுற வேலைக்குன்னு ஒரு எல்லையை வெச்சுட்டா, அது எவ்வளவு பெரிய பைலைப் படிச்சாலும் மத்தவங்க இடத்தைத் தின்னாது, தன்னோட பழசைத் தானே வெளிய தள்ளிக்கும்னு எங்களுக்கும் சொன்னாங்க. பிள்ளைங்களுக்கு இதைப் பாடமா நடத்துறாங்களாம்.

டீச்சரே ஒத்துக்கிட்டதும் அண்ணாச்சியைப் பிடிக்க முடியல. சீட்டை விட்டு எந்திரிச்சுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு.

கமாண்டை அடிச்சதும் கல்யாணக் கூட்டம் வரிசை வரிசையா எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாம். பொட்டியோட உப்பல் வடிஞ்சுது. வடிஞ்ச வேகத்துல கனம் குறைஞ்சு, கம்ப்யூட்டர் மேஜையில இருந்து நாலு விரல் உயரம் மேல எழும்பிருச்சு. பக்கத்துல வேற எதுவும் இல்லாததால, ரேஷன் கடையில இருந்து ரெண்டு கிலோ எடைக்கல்லை வாங்கி அது மேல வெச்சு அமுக்குனாராம்.

எல்லையை இன்னும் கொஞ்சம் இறுக்குனா என்னன்னு ஆசை வந்திருக்கு. இருநூறை இருபது ஆக்குனாரு. இருபதை ரெண்டு ஆக்குனாரு. அதுக்கப்புறம் அந்தக் காப்பிக்கு வந்த மரியாதை இருக்கே, அந்த மாதிரி மரியாதையை அவர் எந்த மருமகன்கிட்டயும் பாத்தது இல்லையாம். மவுஸை அசைச்சா ஒதுங்கி நிக்கும். கடிகாரத்துல நிமிஷம் மாறுனா, மாறி முடியட்டும்னு காத்திருக்கும். திரையில ஈ வந்து உக்காந்தா, அது பறந்து போற வரைக்கும் ஒரு எழுத்து எழுதாது.

மெமரி அவ்வளவும் இப்ப படத்துக்கே. நாலு ஜிபியும் காலி. நின்னுக்கிட்டு இருந்த படம் நகந்துச்சு. நகந்துச்சுன்னா சாதாரணமா இல்ல. பதினோரு நிமிஷம் கட்டிப் போட்டிருந்த காளையை அவுத்து விட்ட மாதிரி பாஞ்சுச்சாம். தளவாய் கை ஒரு சாணைத் தாண்டுச்சு, கோட்டைத் தொட்டுச்சு, நடுவர் விசில் அடிச்சாரு, ஓடைப்பட்டி அவனைத் தூக்கிட்டு ஆடுச்சு. எல்லாம் திரையில.

"திரையிலயா?" நான் கேட்டேன்.

"திரையிலதான் தம்பி. மைதானத்துல நடுவர் இன்னும் விசிலை வாயில வைக்கவே இல்ல."

படம் நிஜத்தை முந்திட்டாம். இவ்வளவு மெமரி காலியா இருந்தா அது என்ன செய்யும், நடந்ததைக் காட்டி முடிச்சுட்டு, நடக்கப் போறதைக் காட்ட ஆரம்பிச்சிருக்கு. முழுசா ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிட்டு. நடுவர் திரையில தன்னைப் பாத்துட்டுத்தான் விசிலைத் தேடி எடுத்து ஊதுனாரு. ஓடைப்பட்டிக்காரங்க தாங்க எப்படி ஆடுறோம்னு பாத்து, அதே மாதிரி ஆடுனாங்க. தளவாயை எந்தத் தோள்ல தூக்கணுங்கிறது கூடத் திரையைப் பாத்துத்தான் முடிவு பண்ணாங்க. அதே கேபிள்ல வேற சேனல்ல சீரியல் பாத்துக்கிட்டு இருந்த ஒரு வீட்டுல மட்டும், நாளைக்கு வர வேண்டிய பாகம் இன்னைக்கே வந்துட்டதாப் புகார் சொன்னாங்களாம்.

பூமாரி அக்கா கூடையைத் தன் பக்கமா இழுத்து வெச்சுக்கிட்டாங்க. "அப்ப எங்க ஊரு தோத்தது உங்களாலதான்" அப்படின்னாங்க.

நான் படத்தைத்தான் நகத்துனேன், கையை நகத்துனது தளவாய்னு அண்ணாச்சி சமாளிச்சாரு. அதோட, அன்னைக்கு அவர் நகத்தலைன்னா தளவாய் செத்திருப்பான், காலைப் பிடிச்ச பனைவிளைக்காரன் மூணு பேரும் கொலைக் கேஸுக்கு அலைஞ்சிருப்பாங்க, ஆகவே அவர் காப்பாத்துனது உண்மையில பனைவிளையைத்தான்னு முடிச்சாரு. அக்காவுக்கு அது பாதிக்குப் பாதி சரியாத்தான் பட்டுது போல. வெத்தலை ஒரு கவுளியை எடுத்து அவர் கையில குடுத்தாங்க.

கல்யாண வீடியோ என்ன ஆச்சுன்னு டிரைவர் கேட்டாரு. அவர் எப்ப ஏறி வந்தாருன்னே நான் கவனிக்கல, ஸ்டியரிங்ல சாஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

"அது இன்னும் காப்பி ஆகிட்டுத்தான் இருக்கு" அப்படின்னாரு அண்ணாச்சி. ஒன்பது வருஷம் ஆச்சாம். சேனலை மூடுனப்ப பொட்டியை முதலாளி வீட்டுக்கே தூக்கிட்டுப் போயாச்சு. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவ மூணாங்கிளாஸ் படிக்கா. வீடியோ இப்பதான் மாப்பிள்ளை அழைப்பை முடிச்சிருக்கு. வர்ற தைக்குள்ள தாலி கட்டிடுவாங்கன்னு முதலாளி நம்பிக்கையா இருக்காரு.

வண்டி முழுக்கச் சிரிச்சுது. பூமாரி அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அண்ணாச்சி சிரிக்கல. அது அவர் பழக்கம். எல்லாரும் சிரிச்சு ஓயட்டும்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு.

எஸ்தர் டீச்சரும் சிரிச்சாங்க. அப்புறம் மெதுவா ஒண்ணு கேட்டாங்க. எல்லாம் சரிதான், ஆனா காப்பி போடும்போது அதுலயே கேன்சல்னு ஒரு பட்டன் இருக்குமே, அதை ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா அப்பவே படம் நகந்திருக்குமே?

அண்ணாச்சி அசரல. பட்டன் இருந்துச்சு, ஆனா அமுக்க முடிஞ்சாத்தானே. மெமரி பூராவும் கல்யாணக் கூட்டம். மவுஸ் அசையல. கீபோர்டுல எந்த எழுத்தை அமுக்குனாலும் திரையில வரல. அந்த நேரத்துல அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளி வைக்கக் கூட வழி இல்லன்னு, கையை விரிச்சுக் காட்டி ரொம்ப அழுத்தமாச் சொன்னாரு.

டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க. பசங்களைக் கேக்குற மாதிரி, கோபமே இல்லாமக் கேட்டாங்க.

"அப்ப அந்த ஒரு வரிக் கமாண்டை எப்படி அடிச்சீங்க அண்ணாச்சி?"

சரக்கு ரயில் ஒரு குலுக்கு குலுக்கிட்டு நகர ஆரம்பிச்சுது. கடைசிப் பெட்டி தாண்டுனதும் கேட் ஏறுச்சு. டிரைவர் இன்ஜினைப் போட்டாரு. அண்ணாச்சி வெத்தலைக் கவுளியை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, இங்க பக்கத்துல ஒருத்தரைப் பாக்கணும்னு சொல்லி, நான் விசில் குடுக்கறதுக்கு முன்னாடியே இறங்கி, தண்டவாளத்து ஓரமா விறுவிறுன்னு நடந்துட்டாரு.

அவர் எடுத்திருந்த டிக்கெட்டுக்கு இன்னும் மூணு ஸ்டாப் இருந்துச்சு.